மாலைக் காபியை நிறுத்தினேன், வீட்டில் பேச்சும் நின்றுவிட்டது

ஆறிய கோப்பை எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

எனக்கு 44 வயது. பரீட்சைக்கு விழித்திருந்து படிப்பதற்காக 17 வயதில் காபி குடிக்க ஆரம்பித்தேன். பரீட்சை முடிந்தது, காபி முடியவில்லை. சமீபகாலம் வரை நாளுக்கு ஆறு கோப்பை. எழுந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, போய்ச் சேர்ந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, மாலை வீடு திரும்பியதும் ஒன்று. யாராவது பார்க்க வந்தால் ஏழு.

தூக்கம் கெட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. படுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி வரை புரண்டுகொண்டே இருப்பேன். வயது, வேலை, கைப்பேசி என்று எதன் தலையிலாவது பழியைப் போட்டு வந்தேன். வேறு எதற்காகவோ பார்க்கப் போன மருத்துவரிடம் பேச்சுவாக்கில் தூக்கத்தைப் பற்றிச் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது "எத்தனை காபி?" என்பதுதான். "மூன்று" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சிகரெட்டும் மதுவும் உள்ளவர்கள்தான் எண்ணிக்கையில் பொய் சொல்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே ஒரேயடியாக நிறுத்தினேன். வீம்புதான், வேறொன்றுமில்லை. சனிக்கிழமை சமாளித்துவிட்டேன். ஞாயிறு காலை கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஒரு தலைவலி. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். திங்கள் அன்று உடன் வேலை செய்பவரிடம், அவர் கதவை மூடிய சத்தத்துக்காக எரிந்து விழுந்தேன். அன்று மாலை தோற்றுப்போய் ஒரு கோப்பை குடித்தேன். முக்கால் மணி நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. நிம்மதியைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. வாரத்துக்கு ஒரு கோப்பை, அதுவும் நாளின் கடைசியிலிருந்து. முதல் வாரம் மாலைக் கோப்பை, இரண்டாவது வாரம் மூன்று மணிக் கோப்பை, அப்படியே. இப்போது எழுந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. பத்தே முக்காலுக்குத் தூங்கிவிடுகிறேன். இதில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம்: விட்ட நான்கில் மூன்றை நான் ருசித்துக் குடித்ததே இல்லை. வேலைக்குப் போனதும் குடிக்கும் கோப்பை பாதிக்கு மேல் ஆறிப்போய் மேசையில்தான் இருக்கும். அதனால்தான் இங்கே இந்தப் பெயர்.

நான்காவதுதான் சிக்கல். மாலைக் கோப்பை.

போன வாரம் மனைவி சாதாரணமாகக் கேட்டாள். "நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, தெரியுமா?" சண்டை எதுவும் இல்லை. கோபமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. நான் வந்ததும் எனக்குக் காபி, அவளுக்குத் தேநீர் (அவளுக்குத் தேநீர் என்றால் உயிர்), அரை மணி நேரம் எதிரெதிரே உட்காருவோம். காபி வேண்டாம் என்றானதும் நான் வந்தேன், உடை மாற்றினேன், அறைக்குள் போய்விட்டேன். அவள் சமையலறையில் நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்திருக்கிறாள். ஒரு மாதமாக.

தூக்கத்தையும் விட மனமில்லை, அந்த அரை மணியையும் விட மனமில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? அப்படியே உங்களுக்கும் காபி, தேநீருக்கும் உள்ள கணக்குவழக்கையும் எழுதுங்களேன்.


சர்க்கரை கம்மி எழுதியது:

உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி பாடப்புத்தகத்தில் உள்ளபடியே வந்திருக்கிறது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டிலேயே காஃபீன் விலகலுக்கு (காபி, தேநீரில் உள்ள காஃபீனை நிறுத்தியதும் வரும் தொல்லைகளுக்கு) தனி இடம் இருக்கிறது. எனவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டாம்.

நடப்பது இதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதற்கென்றே மூளையில் ஏற்பிகள் உண்டு, நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் அது போய் உட்கார உட்கார நமக்கு அசதி வரும். காஃபீன் பார்க்க அடினோசின் மாதிரியே இருப்பதால் அந்த நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அசதி அங்கேயேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தினமும் இப்படி நடந்தால் உடம்பு சும்மா இருக்குமா? கூடுதல் நாற்காலிகளைப் போட்டுவிடும். திடீரென்று காஃபீனை நிறுத்தினால் எல்லா நாற்காலியிலும் அடினோசின். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். கட்டைவிரல் அழுத்துகிற மாதிரி என்றீர்களே, அது இதனால்தான்.

தூக்கக் கணக்கும் சொல்கிறேன். உடம்பில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையப் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஆறு மணிக் கோப்பையில் 100 மி.கி. இருந்தது என்று வைத்துக்கொண்டால், பதினொரு மணிக்கு 50 மி.கி. இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். படுக்கப் போகிற உங்களிடம் ஒருவர் அரைக் கோப்பை காபியை நீட்டினால் வாங்குவீர்களா? அதைத்தான் இத்தனை வருடமாகச் செய்து வந்தீர்கள். மூன்று மணிக் கோப்பையின் மிச்சம் வேறு தனி. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. எடுத்தாலும் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. அது நாலு கோப்பை அளவு என்பது உண்மைதான், ஆனால் நாளெல்லாம் சேர்த்து நீங்களும் அதற்குக் குறையாமல்தான் ஏற்றியிருக்கிறீர்கள்.

மனைவி விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, தனியாள். மற்றவர்கள் சொல்லட்டும்.


கடுந்தேநீர் எழுதியது:

எங்கள் பாட்டி இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெரிய கோப்பை காபி குடிப்பார். ஒன்பதரைக்குக் குறட்டை கேட்கும். 88 வயது வரை இருந்தார். அடினோசின், நாற்காலி எதுவும் அவருக்குத் தெரியாது. மனிதன் ஆசையாகக் குடிக்கிற ஒன்றிரண்டு பொருளையும் மூலக்கூறாகப் பிய்த்துப் போட்டுவிட்டால் அப்புறம் எதற்கு மாலை, எதற்கு வீடு?

கோப்பைத் தலைவரே, பேசாமல் காபியைக் குடித்துவிட்டு மனைவியோடு உட்காருங்கள். தூக்கம் வரும்போது வரட்டும்.


சர்க்கரை கம்மி எழுதியது:

பாட்டிக்கு வணக்கம். ஆனால் பாட்டியின் கல்லீரல் எல்லோருக்கும் கிடைக்காது. காஃபீனை உடைப்பதில் பெரும்பங்கு ஒரே ஒரு நொதிக்கு. அதன் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். புகைபிடிப்பவர்களுக்கு அது இன்னும் வேகமாக வேலை செய்யும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மெதுவாகிவிடும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரொம்பவே மெதுவாகிவிடும். புகையை விட்டவர்கள் வழக்கமான காபியைக் குடித்துவிட்டுப் படபடப்பு என்று தவிப்பது இதனால்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்ற நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சட்டென்று தூங்கிவிடுவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு. காஃபீன் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கைக் குறைக்கும், தூங்குபவருக்கே அது தெரியாது. பாட்டி காலையில் எத்தனை மணிக்கு எழுவார்?


கடுந்தேநீர் எழுதியது:

மூன்று மணிக்கு. எழுந்து எங்கள் எல்லோரையும் எழுப்புவார். அதை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன்.


ஈர விறகு எழுதியது:

தேநீரோடு எனக்கு ஒரு பெரிய ஊடல் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் ரொம்ப ஒழுங்கு, ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.6. மாத்திரையை மாற்றினார்கள். அதற்கும் பெரிதாக அசையவில்லை. உள்ளே எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் அளவுக்குப் போய்விட்டது.

கடைசியில் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த ஒரு பெண்தான் கேட்டார். "எதோடு போட்டுக்கிறீங்க?" தேநீரோடு! காலையில் முதல் வாய்த் தேநீர், அதோடு மாத்திரை. மறக்காமல் இருக்கும் என்று நானே கண்டுபிடித்த வழி. தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. மூன்று மாதமாக மாத்திரையை விழுங்கியதும் நான்தான், அதற்குக் காவல் போட்டதும் நான்தான்.

தேநீரை விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடச் சொன்னார், சாப்பாட்டோடு குடிப்பதைத் தவிர்க்கச் சொன்னார். அடுத்த பரிசோதனையில் 10.9. ஆனாலும் எனக்குத் தேநீர் மேல் வந்த கோபம் தணிய நாளாயிற்று. இத்தனை வருடம் கூடவே இருந்துவிட்டு என் சோற்றில் கை வைத்துவிட்டாயே என்று. மனிதர்களிடம்கூட நான் அவ்வளவு நாள் முறுக்கிக்கொண்டதில்லை.

தைராய்டு மாத்திரை போடுபவர்களும் கவனியுங்கள். அதைக் காபியோடு போட்டால் உடம்பில் ஏறுவது குறைந்துவிடும். வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி காத்திருந்து காபி குடிக்கலாம். என் அக்காவுக்கு ஒரு வருடம் மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள், காரணம் கோப்பையில் இருந்தது.


இரவுப் பணி எழுதியது:

செவிலியாக இருக்கிறேன். எனக்குக் காபி ஆசையும் இல்லை, ஊடலும் இல்லை. அது ஒரு கருவி, கையுறை மாதிரி. முதல் கோப்பை பணி தொடங்கும்போது. இரண்டாவது நள்ளிரவு ஒரு மணிக்கு. மூன்று மணிக்கு மேல் தொடமாட்டேன், காலை எட்டரைக்கு நான் தூங்கியாக வேண்டும். இடைவேளை கிடைத்தால் காபியை மடமடவென்று குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடிவிடுவேன். காஃபீன் வேலையைக் காட்ட அந்த இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதால் எழும்போது தூக்கமும் கொஞ்சம் கிடைத்திருக்கும், காபியும் ஏறியிருக்கும்.

ஆரம்பத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. ஓர் இரவில் ஐந்து கோப்பை குடித்தேன். விடியற்காலையில் மருந்துக் குப்பிகளை எண்ணி ஒப்படைக்கும்போது கை நடுங்கியது. ஒரு முறை எண்ணினால் 14, இன்னொரு முறை எண்ணினால் 15. விழித்துத்தான் இருந்தேன், ஆனால் என்னை நம்பி ஒரு குப்பியைக் கொடுத்திருக்கக் கூடாது. அன்றோடு மூன்றாவது கோப்பை கிடையாது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200. ஆறு கோப்பை என்றால், கோப்பையின் அளவைப் பொறுத்து நீங்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருப்பீர்கள்.


கசப்புப் பிரியை எழுதியது:

எல்லோரும் காபியையே திட்டுகிறீர்களே, தேநீர் என்ன சாமியாரா? 1819இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ரூங்கே காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தார். கவிஞர் கதே தன்னிடமிருந்த கொட்டைகளைக் கொடுத்து ஆராயச் சொன்னதால் ஆரம்பித்த வேலை அது. சில வருடம் கழித்து, 1827இல், தேயிலையிலும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து அதற்குத் தேயின் என்று தனிப் பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றேதான் என்று 1838இல் தெரிந்துபோனது. ஒரே ஆள், இரண்டு பெயரில் இரண்டு வீட்டில் குடியிருந்திருக்கிறான்.

எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த தேயிலையில்தான் பெரும்பாலும் காஃபீன் அதிகம். ஆனால் ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கிராம் இலை போதும், காபிக்குப் பத்து கிராம் வரை தூள் போகும். அதனால் கோப்பையில் வரும்போது தேநீர் பாதியளவில் நிற்கிறது. அதோடு தேயிலையில் தியானின் என்று ஓர் அமினோ அமிலமும் உண்டு. 1949இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. காஃபீனோடு அது சேரும்போது விழிப்பு வரும், ஆனால் அந்தப் படபடப்பு குறைவு என்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். சண்டை போடப் போகும் நாளில் காபி, சமாதானம் பேசப் போகும் நாளில் தேநீர்.

கருக வறுத்த காபிதான் "ஸ்ட்ராங்" என்று நம்புபவர்களுக்கு: கசப்பு வேறு, காஃபீன் வேறு. வறுப்பதால் காஃபீன் பெரிதாக மாறாது. கொட்டை எந்த இனம் என்பதில்தான் விஷயம். ரோபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும்.

கோப்பை ஐயாவுக்கு என் யோசனை காஃபீன் நீக்கிய காபி. முழுக்க நீங்காது, கோப்பைக்கு 2 முதல் 15 மி.கி. வரை தங்கும். உங்கள் தூக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அதை முதலில் வணிகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் பிரேமன் நகரத்து வணிகர் லுட்விக் ரோசேலியுஸ், 1900களின் தொடக்கத்தில். காஃபீனை எடுக்க அவர் பயன்படுத்தியது பென்சீன்! அது புற்றுநோய் தரும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பயப்படாதீர்கள், இப்போது தண்ணீர், கரியமில வாயு என்று வேறு முறைகள் வந்துவிட்டன.


இரண்டு சிட்டிகை எழுதியது:

நான் அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கை, பேச்சு ஓரளவு திரும்பிவிட்டன. விழுங்குவதுதான் இன்னும் சரியாகவில்லை. தண்ணீர் போல இருக்கும் எதுவும் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால், குடிப்பதெல்லாம் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தேநீரும் அப்படித்தான். கலக்கி ஒரு நிமிடம் வைத்தால் கூழ் மாதிரி ஆகிவிடும்.

முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. பொங்கி வரும்போது இறக்க வேண்டும், இரண்டாவது கொதி கூடாது, கோப்பை சூடாக இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஆயிரம் கண்டிஷன் போட்டவர்.

ஒரு வாரம் கழித்து நானே ஒரு வழி செய்தேன். மாவு கலக்காத தேநீரை அவருடைய கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுப்பேன். குடிக்க மாட்டார், அவருக்கும் தெரியும். மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆவி அடங்கும்வரை முகர்வார். அப்புறம் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறப்பார். நான் கூழைக் கரண்டியால் ஊட்டுவேன். முகர்ந்த கோப்பையை நான் குடித்துவிடுவேன், ஆறிப்போயிருக்கும்.

தினமும் இரண்டு வேளை. அதற்கு முன்பு நான் தேநீர் குடிப்பவனே இல்லை.


கடுந்தேநீர் எழுதியது:

சிட்டிகை தம்பி, இதற்கு மேல் நான் இங்கே கிண்டல் செய்ய முடியாது. அப்பாவுக்குச் சீக்கிரம் சரியாகட்டும்.


இரவுப் பணி எழுதியது:

@இரண்டு சிட்டிகை, விழுங்கும் பயிற்சி தருபவரிடம் அவ்வப்போது மறுபரிசோதனை கேளுங்கள். பலருக்கு மாதங்கள் கழித்துக்கூட முன்னேற்றம் தெரியும், கெட்டித்தன்மையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் முக்கியம். நீங்கள் செய்வதில் தவறொன்றும் இல்லை. கோப்பை அவர் கையில் இருக்கும்போது பக்கத்திலேயே இருங்கள், அது போதும்.


வெறும் தண்ணீர் எழுதியது:

காபியும் குடிக்காத, தேநீரும் குடிக்காத ஆள் நான். கொள்கை எல்லாம் இல்லை, இரண்டுமே பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் உலகம் நம்பாது.

யார் வீட்டுக்குப் போனாலும் இதே உரையாடல். காபி? வேண்டாம். தேநீர்? வேண்டாம். அப்போ பால்? வேண்டாம். ஜூஸ்? எதுவும் வேண்டாம். உடல்நிலை சரியில்லையா? வேண்டாம் என்று சொல்கிற எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எதிரே இருப்பவர்தான் தவித்துப்போகிறார். ஏதாவது கொடுத்தால்தான் அவரால் உட்கார முடியும் போலிருக்கிறது. அலுவலகத்தில் இன்னும் மோசம். பதினொரு மணிக்கு எல்லோரும் எழுந்து போவார்கள். நான் இருக்கையிலேயே இருப்பேன். இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது, யாருக்கு மாற்றல், யாருக்குப் பதவி உயர்வு, யார் வேலையை விடுகிறார்கள் என்ற எல்லாச் செய்தியும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைமாறுகிறது. எனக்கு எல்லாமே சுற்றறிக்கை வந்த பிறகுதான் தெரியும்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெந்நீர். கோப்பையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அவர்களோடு போய் நின்றுகொள்வேன். ஆவி வரும், ஊதுவேன், உறிஞ்சுவேன். கையில் ஒரு கோப்பை இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீடுகளிலும் இப்போது "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று நானே முந்திக்கொள்கிறேன். கொடுப்பவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

ஆறிய கோப்பை அவர்களே, உங்கள் மனைவி கேட்டது காபியையா என்ன?


கசப்புப் பிரியை எழுதியது:

வெந்நீர்க்காரர் என் காஃபீன் நீக்கிய காபிக்குப் போட்டியாக வந்துவிட்டார். ஒரு எச்சரிக்கை, எதுவானாலும் கொதிக்கக் கொதிக்க விழுங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்தது. அதே நேரத்தில், 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. குற்றவாளி சூடுதான். அந்த வகையில் எங்கள் தலைவர் தன் பெயரிலேயே பாதுகாப்பாக இருக்கிறார்.


ஆறிய கோப்பை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காஃபீன் நீக்கிய காபி வாங்கினேன். ருசி ஏறத்தாழ வந்தது. ஆனால் மனைவி ஒரு வாய் வாங்கிப் பார்த்துவிட்டு "இது காபி வேஷம் போட்ட தண்ணி" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அதைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வந்தது. நான்கு நாளில் கைவிட்டேன். பிரியை மன்னிக்க வேண்டும்.

அப்புறம் வெந்நீர். முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் தேநீரோடு உட்கார்ந்தாள், நான் வெந்நீர்க் கோப்பையோடு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போனதில் நூல் அறுந்த மாதிரி. தண்ணீர் வரி கட்டியாயிற்றா என்று கேட்டேன். கட்டியாயிற்று என்றாள். முதல் நாள் அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் பேச்சு வந்துவிட்டது. அவளுடைய தம்பி விஷயம், பக்கத்து வீட்டில் சுவரை இடிப்பது, எங்கள் பெண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியது எல்லாம் வரிசையாக. இதில் பாதி ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயங்கள். கண்ணாடியை இரண்டு வாரம் முன்பே மாற்றிவிட்டார்களாம். நான் தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். நான் வெந்நீரோடு வந்து உட்கார்ந்தேன். அவளும் வெந்நீரோடு வந்தாள். தேநீர் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள். "எனக்குத் தேநீர் பிடிக்கவே பிடிக்காது."

கல்யாணமாகி 16 வருடம். தினமும் மாலை அவள் தேநீர் குடித்துப் பார்த்திருக்கிறேன். அவள் தம்பியிடம், என் நண்பர்களிடம், முதல் பதிவில் உங்களிடம்கூட, அவளுக்குத் தேநீர் என்றால் உயிர் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் எதற்குக் குடித்தாய் என்று கேட்டேன். "நீங்க காபியோட உட்காருவீங்க. சும்மா எதிர்ல உட்கார ஒரு மாதிரி இருந்துச்சு. கையில ஏதாவது வேணுமேன்னு ஆரம்பிச்சேன்."

சரி, காபியே குடித்திருக்கலாமே? "அது உங்களோடது. அதுல பங்குக்கு வந்தா நல்லா இருக்காதுன்னு நெனச்சேன்." இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வெந்நீரும் ஒரு வழி என்பது, நான் குடிப்பதைப் பார்க்கும்வரை அவளுக்குத் தோன்றவில்லையாம்.


ஈர விறகு எழுதியது:

பதினாறு வருடம்! நான் மூன்று மாதத்துக்கே தேநீரோடு பேசாமல் இருந்தேன். உங்கள் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தீர்களா? விளையாட்டாகச் சொல்லவில்லை, ஒரு முறை இரும்புச்சத்தைப் பார்த்துவிடுங்கள்.


வெறும் தண்ணீர் எழுதியது:

எங்கள் கட்சியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர். வரவேற்கிறேன்.


இரண்டு சிட்டிகை எழுதியது:

மறுபரிசோதனைக்குப் போனோம். கெட்டித்தன்மையை ஒரு படி குறைத்திருக்கிறார்கள். இப்போது கரண்டி வேண்டாம், கோப்பையிலிருந்தே மெதுவாகக் குடிக்கலாம். முதல் வாய் குடித்துவிட்டு "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். எட்டு மாதமாக அதே அளவுதான் போடுகிறேன்.


கடுந்தேநீர் எழுதியது:

அப்பா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாரா, இனி கவலை இல்லை.

கோப்பைத் தலைவரே, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வீட்டில் இருக்கும் தேயிலையை என்ன செய்வதாக உத்தேசம்?


ஆறிய கோப்பை எழுதியது:

அரைக் கிலோ பொட்டலம். பிரித்து நான்கு நாள்தான் ஆகிறது, வீணாக்க மனம் வரவில்லை. பதினொரு மணிக் காபிக்குப் பதிலாக அதைப் போட்டு எடுத்துப் போகிறேன். சுமாராகத்தான் இருக்கிறது. இன்னும் பல மாதத்துக்கு வரும் போலிருக்கிறது.